பெரியமேட்டுக் கரி

பாலாற்றுப் பக்கத்து ஊர்க்காரர் யாரிடமும் பெரியமேடு என்று சொல்லிப் பாருங்கள், தோல் மண்டி என்பார்கள். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாவற்றுக்கும் சென்னை என்பது முதலில் பெரியமேடுதான். சென்ட்ரலில் இறங்கினால் எதிரே எங்கள் ஊர் சி. அப்துல் ஹக்கீம் சாகிப் கட்டிய சித்திக் சராய், அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் உப்புத்தோல் வாடை, பிறகு பள்ளிவாசல், மண்டிகள், கமிஷன் ஏஜெண்டுகளின் சின்னச் சின்ன அறைகள். எங்கள் வீட்டு ஆண்கள் மூன்று தலைமுறையாக அந்தத் தெருக்களில் போய் வந்திருக்கிறார்கள். நானும் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் மாதத்துக்கு இரண்டு தடவையாவது போவேன். அந்த மண்டிகளுக்குப் பக்கத்திலேயே, பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிச் செங்கல் கட்டடங்களும் பெரிய மரங்களுமாக ஒரு வளாகம் இருக்கிறது. இன்று அதன் பெயர் அரசு கவின் கலைக் கல்லூரி. பழைய பெயர் மெட்ராஸ் கலைப்பள்ளி. தென்னிந்தியாவில் கரிக்குச்சியை வைத்து ஆளைப் பார்த்து ஆளை வரைகிற வித்தை முறையாகச் சொல்லிக் கொடுக்கப்பட்ட இடம் அது. எங்கள் ஊர்க்காரர்கள் அதன் மதிலோரமாகத்தான் இத்தனை காலமும் நடந்துகொண்டிருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

கேட்டிருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்கும். ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் 1898-இல் இந்தக் கலைப்பள்ளியில்தான் அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். நம் வீட்டு அலுமினிய குண்டானுக்கு அதுதான் பூர்வீகம். சில ஆண்டுகள் கழித்து, 1903-ஐ ஒட்டி, குரோம் உப்பு வைத்துத் தோல் பதனிடும் சோதனைகளையும் அங்கேயே ஆரம்பித்தார். கிணற்றில் கவலை ஏற்றுகிற தோல் சால் தண்ணீரில் சீக்கிரம் ஊறிக் கெட்டுவிடும், குரோம் தோல் தாங்கும் என்பது அவர் கணக்கு. அரசாங்கமே தொழில் நடத்துவதா என்று தனியார் வியாபாரிகள் முணுமுணுத்தார்கள், லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லியும் அதையே சொன்னார், தொழிற்சாலை கைமாறிப் போனது. இன்றைக்கு எங்கள் பக்கத்தில் டிரம்களில் சுழல்கிற நீலத் தோலின் கதையில் கலைப்பள்ளிக்கு ஓர் அத்தியாயம் உண்டு. இது எனக்குத் தெரிந்தபோது வயது 40 தாண்டியிருந்தது. அதற்குள் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கரியால் ஆட்களை வரையத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

கலைப்பள்ளியை 1850-இல் ஆரம்பித்தவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர். ஓவியர்களை உருவாக்குவது அவருடைய முதல் நோக்கமில்லை. இங்கே உள்ள கைவேலைக்காரர்களுக்கு வடிவம் பற்றிய ருசியைக் கற்றுக் கொடுக்க வேண்டும், மட்பாண்டமும் செங்கல்லும் மரவேலையும் நன்றாக வர வேண்டும் என்பதே. அதே காலத்தில் இங்கிலாந்தில் சவுத் கென்சிங்டனிலிருந்து ஒரு பாடத்திட்டம் புறப்பட்டது. 23 படிகள். முதலில் நேர்கோடு, பிறகு வளைகோடு, பிறகு அச்சடித்த படத்தைப் பார்த்து எழுதுவது, பிறகு கனசதுரம், கூம்பு, பிறகு சுண்ணச் சிலை. உயிருள்ள மனிதன் மிகவும் பின்னால் வருவான், அதுவும் எல்லோருக்கும் வரமாட்டான். பேரரசு முழுவதும் இந்த ஏணிதான் சாத்தப்பட்டது. அதன் மிச்சம் நம் ஊரில் வெகுகாலம் இருந்தது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் டிராயிங் லோயர், ஹையர் எழுதியவர்களுக்குத் தெரியும்: 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்' என்று ஒரு தாள், 'மாடல் டிராயிங்' என்று ஒரு தாள். மாடல் என்றால் மேசை மேல் வைத்த மரக்கூம்பும் வாளியும். நானும் இரண்டையும் பாஸ் செய்தேன். வாளியின் வாய் எப்போது நீள்வட்டமாகத் தெரியும், எப்போது வட்டமாகத் தெரியும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மனித முழங்கை எந்தப் பக்கம் மடியும் என்பதை அந்தத் தாளில் யாரும் கேட்கவில்லை.

கரிக்கு வருகிறேன்.

கரி என்பது ஏழைச் சரக்கு. சுவரில் கரிக்கட்டையால் கிறுக்காத குழந்தை கிடையாது, அதற்கு அடி வாங்காத குழந்தையும் கிடையாது. ஐரோப்பாவிலும் அதற்கு வெகுகாலம் மதிப்பிருக்கவில்லை. 1400-ஐ ஒட்டி செனினோ செனினி என்ற இத்தாலிய ஓவியர் ஒரு கைப்புத்தகம் எழுதினார். அதில் கரி செய்யும் முறை இருக்கிறது: வில்லோ மரத்தின் குச்சிகளைச் சீவிக் கட்டி, புதுச் சட்டியில் அடுக்கி, காற்றுப் புகாமல் மூடிக் களிமண் பூசி, இரவு ரொட்டிக்காரனின் அடுப்பு அணைந்த பிறகு அதற்குள் வைத்துவிட்டுக் காலையில் எடுப்பது. அந்தக் கரியால் ஓவியன் முதல் கோடுகளைப் போடுவான். சரி வந்ததும் இறகால் தட்டிவிடுவான். மங்கலாக நிற்கிற தடத்தின் மேல் வெள்ளி ஊசியாலோ மையாலோ உறுதியான கோட்டை இழுப்பான். அதாவது கரி என்பது அழிந்து போவதற்காகவே போடப்பட்டது. கட்டடத்துக்குச் சாரம் மாதிரி. தவறினால் ரொட்டித் துண்டை உருட்டி ஒற்றி எடுப்பார்கள். ரப்பர் அழிப்பான் வந்தது 1770 வாக்கில்தான். 16-ஆம் நூற்றாண்டில் வெனிஸில் தின்தொரெத்தோ முறுக்கி நிற்கும் உடம்புகளைக் கரியிலேயே நிறைய எழுதியிருக்கிறார், ஆனால் அவையும் பெரிய ஓவியங்களுக்கான ஆயத்தம். கரிப்படம் தன்னளவில் முடிந்த படமாக நின்றது 19-ஆம் நூற்றாண்டில், நல்ல தாளும் மேலே தெளித்து இறுக்குகிற பிசின் கரைசலும் கடையில் கிடைக்க ஆரம்பித்த பிறகு. அப்போது பாரீஸில் சார்ல் பார்க் என்பவர் ஓவியர் ஜெரோமோடு சேர்ந்து, மாணவர்கள் பார்த்துப் பார்த்து எழுதுவதற்கென்றே ஒரு படத்தொகுப்பை வெளியிட்டார். முதலில் சுண்ணச் சிலைகள், பிறகு பெரிய ஓவியர்களின் படங்கள், கடைசியில் ஆடையற்ற ஆண் உடல். வான்கோ அதை வைத்துத்தான் தானாகக் கற்றார், ஒரு தடவைக்கு மேலும் முழுசாக எழுதித் தீர்த்தார்.

நம் பக்கத்தில் கரி வேறு வழியில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து வடக்கே காளஹஸ்தி போனால் கலம்காரி எழுதுகிறவர்களைப் பார்க்கலாம். அவர்கள் கையில் இருப்பது புளியங்குச்சிக் கரி. வில்லோவுக்குப் பதில் புளி, அவ்வளவுதான் வித்தியாசம், சுடும் முறை ஒன்றே. துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்து நனைத்துக் காயவைப்பார்கள். அதன் மேல் கரியால் ராமனையோ திரௌபதியையோ இழுத்துவிட்டு, பிறகு இரும்புத் துருவும் வெல்லமும் ஊறிய மையைத் தோய்த்து மூங்கில் கலத்தால் கோடு போடுவார்கள். மை துணியில் படும்போது வெளிறித்தான் இருக்கும். கடுக்காயோடு சேர்ந்ததும் கருகருவென்று எழும்.

இதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் எங்கள் ஊர் தோல் ஷாப்புகளில் மூட்டை மூட்டையாகக் கிடந்தவை. குரோம் வருவதற்கு முன்பு, வந்த பிறகும் வெகுநாள், பட்டைத் தொட்டியில் ஊறித்தான் தோல் தோலாயிற்று. அந்தத் தொட்டிப் பக்கம் துருப்பிடித்த ஆணி, தகரம் எதையும் கொண்டு போகக் கூடாது என்று பழைய மேஸ்திரிகள் கத்துவார்கள். இரும்பு பட்ட இடத்தில் தோல் நீலங்கறுப்பாகக் கறைபடும், அந்தத் தோல் பிறகு விலை போகாது. டேனரியில் நஷ்டமாகிற அதே ரசாயனம் காளஹஸ்தியில் சாமிக்குக் கண் திறக்கிறது.

புளியங்குச்சிக் கரியை நானே சுடுகிறேன். சுண்டுவிரல் தடிமனுக்கு மேல் வேண்டாம். பட்டை உரித்து நிழலில் காயவைத்து, மூடி இறுக்கமான தகர டின்னில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை போட்டு அடுப்பில் வைக்க வேண்டும். துளையிலிருந்து முதலில் வெள்ளைப் புகை வரும், அது ஈரம். பிறகு வருவதைப் பற்றவைத்தால் எரியும். அது நின்றதும் டின்னை எடுத்துவிடலாம். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு அத்தனையும் சாம்பல். கடையில் விற்கிற திராட்சைக்கொடிக் கரி இதைவிட மிருது, அழுத்திச் செய்த கரி இதைவிடக் கறுப்பு. புளி இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் முரடு. எனக்கு அது போதும்.

ஆளைப் பார்த்து ஆளை எழுதுவது என்பது நம் மரபில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது ஆனால் வேறு மாதிரி என்று சொல்ல வேண்டும். ஆம்பூருக்கு அந்தப் பக்கம் ஆர்மாமலைக் குகையில் 8-ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்களின் மிச்சம் உண்டு. ஆட்டின் மேல் அமர்ந்த அக்னி தேவன் இன்னும் மங்கலாகத் தெரிகிறான். (தோல் ஊர்களுக்கு நடுவில் சாமிக்கு ஆடு வாகனமாக அமைந்தது பொருத்தம்தான்.) எழுதியவன் கையில் மனித உடம்பு எப்படி வளையும் என்கிற அறிவு நிச்சயம் இருந்தது. ஆனால் சிற்பிகளும் ஓவியர்களும் அந்த அறிவை அளவாக மாற்றி வைத்துக்கொண்டார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம். நவதாளம் என்றால் உடம்பு 108 அங்குலம், உத்தம தசதாளம் என்றால் 124. யார் எந்தத் தாளம் என்பது சாஸ்திரத்தில் இருக்கிறது. பெரிய தெய்வத்துக்குப் பத்து, மனிதனுக்கு எட்டு, குள்ளப் பூதத்துக்கு இன்னும் கம்மி. எதிரே யாரும் நிற்கத் தேவையில்லை. உடம்பு மனசுக்குள் இருக்கிறது.

ஐரோப்பிய அகாடமிக்காரனுக்கும் தலையால் உடம்பை அளக்கிற வழக்கம் உண்டு, ஏழரைத் தலை, எட்டுத் தலை என்று. ஆனால் அவன் கையை நீட்டிக் குச்சியைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நகர்த்தி, எதிரே நிற்கிற அந்த ஒருத்தனை அளக்கிறான். அளவு ஒத்து வராவிட்டால் சாஸ்திரம்தான் தள்ளி நிற்க வேண்டும். இவனுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கிறது, இவன் சுமை தூக்குகிறவன் என்று கண் கண்டுபிடிக்கும். இரண்டு முறைகளில் எது உயர்ந்தது என்கிற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் ஒன்றில் ஆள் தேவை. அந்த ஆள் யார் என்கிற கேள்வி உடனே வந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலும் மெட்ராஸிலும் கம்பெனிக்காரர்களுக்காகப் படம் எழுதியவர்களில் முச்சிகள் என்று ஒரு சாதியார் உண்டு. 1901-ஆம் ஆண்டு மெட்ராஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை அவர்களை மராத்திச் சாதி என்றும், ஓவியர்கள், தோல் வேலைக்காரர்கள் என்றும் ஒரே மூச்சில் விவரிக்கிறது. வடக்கே மோச்சி என்றால் செருப்புத் தைப்பவர், இங்கே முச்சி என்றால் படம் எழுதுபவர். அவர்கள் வெள்ளைக்காரர்களுக்கு விற்ற தொகுப்புகளில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் ஆணும் பெண்ணுமாக நிற்பார்கள்: நெசவாளி, மீனவர், தோல் தைப்பவர், கையில் அவரவர் கருவி. மனிதர்கள்தான், ஆனால் ஒரு தொழிலுக்கு ஒரு மாதிரி, சாதிக்கு ஒரு உடை. இன்னார் என்று யாரும் இல்லை. மராத்தி மூலம் கொண்ட இன்னொரு கூட்டத்தார் ஆட்டுத்தோலைச் சுரண்டிக் காயவைத்து அதன் மேல் ராமாயணப் பாத்திரங்களை எழுதி வெட்டித் தோல்பாவை ஆட்டினார்கள். தோலும் உருவமும் இந்த மண்ணில் வெகுகாலமாக உறவுக்காரர்கள்தான். எங்கள் தோல் வர்த்தகர்கள் அந்த உறவைக் கொண்டாடியதில்லை, அது வேறு கதை.

கலைப்பள்ளிக்குள் ஒருவனை ஒருவனாகப் பார்க்கிற பழக்கம் அழுத்தமாக வந்தது தேவி பிரசாத் ராய் சௌத்ரி காலத்தில். 1899-இல் பிறந்தவர், அவனீந்திரநாத் தாகூரிடம் வங்காளப் பாணி கற்றவர், மேற்கத்திய முறையில் உயிர் மாதிரியைப் பார்த்து எழுதவும் சிற்பம் செய்யவும் தனியாகப் பயின்றவர். 1929-ஐ ஒட்டி மெட்ராஸ் வந்தார். அந்தப் பள்ளிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். பம்பாய் ஜே.ஜே. பள்ளியில் கிளாட்ஸ்டன் சாலமன் 1919 வாக்கிலேயே ஆடையற்ற மாதிரிகளை வைத்து வகுப்பு நடத்த ஆரம்பித்திருந்தார். மெட்ராஸில் ராய் சௌத்ரி அந்தப் பயிற்சியை நுண்கலையின் முதுகெலும்பாக்கினார். மல்யுத்தம், வேட்டை என்று திரிந்த மனிதர், அவருக்கு உடம்பு என்றால் தசை. கடற்கரையில் 1959 ஜனவரி 25 அன்று திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலை அவருடையது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். கல்லூரியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் அதற்கு மாதிரியாக நின்றார்கள் என்று சொல்வதுண்டு.

அந்தச் சிலையைப் பற்றி எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. உடம்புகள் அபாரம். ஆனால் கூலி வேலை செய்கிறவன் உடம்பு அப்படி இருக்காது. எங்கள் ஊர் தோல் ஷாப்பில் 20 வருஷம் நின்றவன் உடம்பைப் பார்த்தால், கைகள் மட்டும் பெரிதாக இருக்கும், மார்பு குழிந்திருக்கும், சுண்ணாம்பு தின்ற விரல் நுனி. ராய் சௌத்ரி உழைப்பைப் பார்த்தாரா, உழைப்பின் பெருமையைப் பார்த்தாரா என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யோசிப்பேன். ஆனாலும், கடற்கரைச் சாலையில் கோவணம் கட்டிய நாலு பேரை நிறுத்தியது சின்னக் காரியம் அல்ல. மே தினத்துக்கு அந்தச் சிலையடியில் போய் நிற்கிறவர்களிடம் என் மனத்தாங்கலைச் சொன்னால் அடிக்க வருவார்கள். வரட்டும், நியாயம்தான்.

பெருமைப்படுத்தாமலும் உடம்பை எழுதலாம் என்று காட்டியவர் ஜைனுல் ஆபிதீன். 1914-இல் இன்றைய பங்களாதேஷில் பிறந்தவர், கல்கத்தா அரசுக் கலைப்பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியர் ஆனவர். 1943 வங்காளப் பஞ்சத்தில் கல்கத்தாத் தெருக்களில் ஆட்கள் விழுந்து செத்துக்கொண்டிருந்தபோது, கரியை அரைத்துத் தானே மை செய்து, பொட்டலம் கட்டுகிற மலிவுத் தாளில் எழுதினார். நல்ல தாள் வாங்க வழியில்லாத காலம். விலா எலும்பு, காலி ஓடு, காக்கை, தாய் மடியில் குழந்தை. சுண்ணச் சிலையைப் பார்த்துப் பழகிய கைதான் அது. அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் நாலு கோட்டில் ஒரு உடம்பு சரிந்து கிடப்பதைக் கொண்டு வர முடியாது. எங்கள் ஊரில் உருவம் எழுதுவது கூடுமா என்று பேச்சு வந்தால் நான் ஆபிதீனைச் சொல்வேன். மறுத்துப் பேசியவர்கள் உண்டு. அவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டவர்களும் உண்டு.

மெட்ராஸில் ராய் சௌத்ரிக்குப் பிறகு 1957-இல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். அவர் காலத்தில் காற்று மாறியது. நிழல் வெளிச்சத்தால் பருமன் காட்டுகிற வேலை வெள்ளைக்காரன் சரக்கு, நம் சொத்து கோடுதான் என்று ஒரு தலைமுறையே நம்பியது. திருவண்ணாமலைக்காரரான, அதாவது அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரரான, ஏ.பி. சந்தானராஜின் கோட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பலித்தது என்று தெரியும். கே.எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி எழுதிய கறுப்பு வெள்ளைக் காந்திகளும் அப்படித்தான். என் அபிப்பிராயத்தில் அந்தக் கோடுகளுக்குள் கரி ஒளிந்திருக்கிறது. காந்தியின் முதுகு வளைவை ஒரே இழுப்பில் இழுக்கிறவன் அதற்கு முன்பு நூறு முதுகுகளை நிழலோடு எழுதித் தள்ளியிருக்க வேண்டும். ஏணியை உதைத்துத் தள்ளினார்கள் என்று சொல்வார்கள். ஏறிய பிறகுதானே தள்ளினார்கள்.

தமிழ் வாசகர்கள் கண் கோட்டுக்குப் பழகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது தத்துவம் ஒன்றுமில்லை, அச்சு. பழைய அச்சகத்தில் பேனாக் கோட்டை லைன் பிளாக்கில் சுலபமாக எடுத்துவிடலாம், மட்டமான தாளிலும் பளிச்சென்று விழும். கரியின் சாம்பல் நிறங்களுக்குப் புள்ளிப் புள்ளியாக உடைத்த ஹாஃப்டோன் பிளாக் வேண்டும், வழவழப்பான தாள் வேண்டும், செலவு. எழும்பூர் கலைப்பள்ளியில் படித்த சில்பி ஆனந்த விகடனுக்குக் கோயில் கோயிலாக உட்கார்ந்து எழுதியது பேனாக் கோட்டில்தான். அதனால் கரிப்படம் கல்லூரிச் சுவரைத் தாண்டி வீட்டுக்கு வரவே இல்லை. மாணவர்கள் வருஷக்கணக்கில் எழுதிக் குவித்த உடம்புகள் சுருட்டிக் கட்டி மூலையில் கிடந்து, கரி உதிர்ந்து, பூச்சி அரித்துப் போயின.

அந்தப் படங்களில் நின்றவர்கள் பெயரும் கூடவே போயிற்று. வகுப்பறையில் இருப்பவர்களிலேயே மிக ஏழை யாரோ அவர்தான் மேடையில் நிற்பார், நாள்கூலிக்கு. வீட்டில் வேறு வேலை என்று சொல்லிவிட்டு வருகிற பெண்கள் உண்டு. 2018-இல் வந்த 'நியூட்' என்ற மராத்திப் படம் அப்படி ஒரு பெண்ணைப் பற்றியது. ஓவியர் பெயர் கீழே இருக்கும், ஆண்டு இருக்கும். நின்றவர் 'அமர்ந்த ஆண்', 'நிற்கும் பெண்'.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு வேலூரில் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். தேர்வுக்குப் பழகிய என் கையைப் பார்த்ததுமே, "மணிக்கட்டுல எழுதாத தம்பி, தோள்ல இருந்து எழுது" என்றார். கண்ணை இடுக்கிப் பார்க்கச் சொன்னார். இடுக்கினால் மூக்கு முழி எல்லாம் மறைந்து இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்று மட்டும் தெரியும். முதலில் அதைக் கரியின் பக்கவாட்டால் தேய்த்துவிட வேண்டும், வெளிச்சத்தை ரொட்டியாலோ பிசைகிற ரப்பராலோ எடுக்க வேண்டும். கோடு கடைசியில். "எடை எந்தக் கால்ல கீது பாரு" என்பது அவர் அடிக்கடி சொன்னது. தொண்டைக்குழியிலிருந்து ஒரு நூல்குண்டைத் தொங்கவிட்டால், ஆள் ஒற்றைக் காலில் எடை போட்டு நிற்கும்போது அது அந்தக் காலின் குதிகாலில் வந்து விழும். விழாவிட்டால் படத்திலிருக்கும் ஆள் சாய்ந்துவிடுவான்.

ஊருக்குத் திரும்பி டேனரி ஆட்களை எழுத ஆரம்பித்தபோது அந்த நூல்குண்டு கைகொடுக்கவில்லை. சவ்வு எடுக்கிறவர் நிற்கிற நிலை எந்த அகாடமிப் புத்தகத்திலும் இல்லை. சாய்வான பீம் மரத்தின் மேல் ஈரத்தோல். அதன் மேல்முனையை அவர் தன் வயிற்றாலேயே மரத்தோடு அழுத்திப் பிடித்திருப்பார். இரண்டு கைப்பிடி உள்ள வளைந்த கத்தியைக் கீழ்நோக்கித் தள்ளுவார். எடை காலில் பாதி, வயிற்றில் பாதி. முதுகு வில்லாக வளைந்து தோள்பட்டை எலும்புகள் இரண்டும் மேலே எழும்பும். தொண்டைக்குழி குதிகாலுக்கு வெகுதூரம் முன்னால் போய்விடும், ஆனால் ஆள் விழமாட்டார், தோல் தாங்குகிறது. இதைச் சரியாக எழுத எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.

முகத்தை எழுதவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் மக்கா படமும் நாள்காட்டியும் தவிர எதுவும் மாட்டியதில்லை. தெருவில் பெரியவர்கள் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "எழுதறதுன்னா எழுதுப்பா, முகம் வேணாம்" என்றார்கள். கண்டிப்பாகச் சொல்லவில்லை, வேண்டுகோள் மாதிரிதான். எனக்கும் அது ஒரு விதத்தில் வசதியாகவே இருந்தது. முதுகும் தோளும் முன்கையும் போதும், கரிக்கு அவைதான் தீனி. 30, 40 தாள்கள் அப்படிச் சேர்ந்தன.

அவற்றை ஒருநாள் பார்த்த தொழிலாளி ஒருவர், எனக்கு அதிகம் நின்றவர் அவர்தான், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இன்னா சார் இது, மூஞ்சி இல்லாம போட்டா இது நான்தான்னு என் பொண்டாட்டியே ஒத்துக்க மாட்டாளே."

"முதுகைப் பாத்தா தெரியலையா'ணா?" என்றேன்.

"முதுவு எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். பொறந்ததுல இருந்து குனிஞ்சினுதான் கீறோம், எவன் மூஞ்சியப் பாத்தான்?"

ஒருபக்கம் என் தெருவின் பெரியவர்கள், அவர்கள் கேட்டதில் ஒரு மரியாதை இருக்கிறது, படைத்தவனோடு போட்டி போடாதே என்கிற அடக்கம். இன்னொரு பக்கம் இவர். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவரை ஊர் முகம் பார்த்துப் பேசியதில்லை, வாடைக்காகவும் சாதிக்காகவும். நான் அடக்கத்தோடு விட்ட இடம் அவருக்குப் பழைய இடமாகவே இருந்தது. இரண்டு பேரும் என் ஆட்கள். கலை வரலாற்றுப் புத்தகத்தில் இதற்கு விடை தேடினேன். ஆபிதீன் முகம் எழுதினார். ராய் சௌத்ரியின் நால்வருக்கும் முகம் உண்டு, ஆனால் அவர்கள் பாறையைத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு படம் முகத்தோடு எழுதினேன், அவருக்காக மட்டும். மூன்று ஞாயிறு உட்கார்ந்தார். வேலை நிலையில் வேண்டாம், நாற்காலியில் சட்டை போட்டு உட்காருகிறேன் என்றார், சரி என்றேன். முகம் எழுதுவதில் நான் இன்னும் கத்துக்குட்டி. மேல்உதடும் மூக்கும் சந்திக்கிற நிழல் எனக்கு வரவே வராது. முடித்ததும் விரலால் தொட்டுப் பார்த்து, "கரிதானே, கை பட்டா போயிடாதா?" என்றார். இரண்டு தடவை பிசின் தெளித்துக் கொடுத்தேன். கீழே என் பெயர் இருந்தது. அவர் பெயரையும் எழுதச் சொன்னார், இனிஷியலோடு. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அந்தப் படத்தைத் தெருப்பெரியவர்களில் ஒருவர் அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்திருக்கிறார். என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைத் தவிர்க்கச் சொல்வதையும் நிறுத்தவில்லை.

இப்போது சவ்வு எடுக்க மெஷின் வந்து வெகுகாலமாயிற்று. கையால் பீமில் நின்று செய்கிற ஆட்கள் இந்தப் பக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் இருக்கிறார்கள், அதுவும் மெஷினில் கிழிந்துவிடும் சின்னத் தோல்களுக்காக. அந்த நிலையில் வயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவில் தோல் மடிகிற இடத்தை நான் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷாப்பில் 70 வயதுக்காரர் ஒருவர் இருக்கிறாராம், அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்குள் வந்தால் வேலை பார்க்கிறபோதே எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு டின் கரி சுட்டு வைத்திருக்கிறேன். முகம் வேண்டுமா வேண்டாமா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.